டிஆர்டி-யில் தோற்ற பிறகு: வங்கிக் கடன் வழக்குகளின் மேல்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனி, பவுண்டரி, நூற்பாலை, அரிசி ஆலை என்று தொழில் எதுவானாலும், வங்கி வழக்கில் தீர்ப்பு எதிராக வந்த மறுநாள் எழும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்பவர்கள் கேட்கும் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதியது. மேல்முறையீட்டில் பலர் தோற்பது வாதத்தில் அல்ல, முதல் முப்பது நாளில். அதனால் தேதி, பணம், காகிதம் ஆகிய மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

1. டிஆர்டி-ல பேங்க்குக்கு சாதகமா ஆர்டர் வந்துடுச்சு. அடுத்தது ஹைகோர்ட்தானே?

இல்லை. டிஆர்டி என்று எல்லோரும் சொல்லும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு எதிராக முதலில் போக வேண்டிய இடம் டிஆர்ஏடி, அதாவது கடன் மீட்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். நாடு முழுவதற்கும் இப்படி ஐந்துதான் உண்டு: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, அலகாபாத். சென்னையில் உள்ள மூன்று டிஆர்டி, கோவை டிஆர்டி, மதுரை டிஆர்டி எல்லாவற்றுக்கும் மேல்முறையீடு சென்னை டிஆர்ஏடி-க்குத்தான் போகும். அங்கே தலைவர் ஒருவரே அமர்ந்து விசாரிப்பார்.

டிஆர்ஏடி-யைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால், "சட்டம் காட்டிய வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்" என்ற கேள்வியே முதலில் வரும். யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா எதிர் சத்யவதி டாண்டன் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. சவுத் இந்தியன் பேங்க் எதிர் நவீன் மேத்யூ பிலிப் வழக்கில் 2023-இல் இன்னும் கண்டிப்பாகச் சொன்னது. ரிட் தள்ளுபடியாகி வெளியே வரும்போது 30 நாள் கெடு கடந்திருக்கும். இந்த வழியில் போய் நின்றவர்கள் நிறையப் பேர்.

2. எங்க கேஸ் ஓ.ஏ-ன்னு ஒரு பேப்பர்ல இருக்கு, எஸ்.ஏ-ன்னு இன்னொண்ணுல இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் மேல்முறையீட்டைத் தொடவே கூடாது. ஓ.ஏ என்பது வங்கி போடும் வழக்கு. "இந்தக் கம்பெனி எங்களுக்கு இவ்வளவு தர வேண்டும், வசூலித்துத் தாருங்கள்" என்று 1993-ஆம் ஆண்டுக் கடன் மீட்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் கேட்பது. கடன் 20 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வங்கி ஜெயித்தால் மீட்புச் சான்றிதழ் பிறக்கும், மீட்பு அதிகாரி ஜப்தியில் இறங்குவார்.

எஸ்.ஏ என்பது நீங்கள் போடுவது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி 13(2) நோட்டீஸ் (கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்) தந்து, 60 நாள் கழித்து 13(4)-இன் கீழ் சொத்தைச் சுவாதீனம் எடுக்கும்போது, அது தவறு என்று 17-ஆம் பிரிவில் 45 நாளுக்குள் டிஆர்டி-யிடம் முறையிடுவது. பூட்டுப் போட்டால்தான் சுவாதீனம் என்றில்லை. சுவரில் நோட்டீஸ் ஒட்டி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அடையாளச் சுவாதீனத்துக்கே எஸ்.ஏ போடலாம் என்று ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் 2018-இல் முடிவானது.

ஓ.ஏ உத்தரவுக்கு மேல்முறையீடு 1993 சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வரும். எஸ்.ஏ உத்தரவுக்கு சர்ஃபேசி 18-ஆம் பிரிவு. போகும் தீர்ப்பாயம் ஒன்றுதான். கட்டணம், டெபாசிட் கணக்கு, யார் கட்ட வேண்டும் என்பதெல்லாம் வேறு வேறு. ஒரே கடனுக்கு இரண்டு வழக்கும் இணையாக நடப்பது சகஜம், அதில் ஒன்றுக்கு வாங்கிய ஸ்டே மற்றதைத் தடுக்காது.

3. எத்தனை நாளுக்குள்ள அப்பீல் போடணும்? எந்தத் தேதியில இருந்து எண்ணணும்?

இரண்டு வகைக்கும் 30 நாள். உத்தரவின் நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 1993 சட்டத்தில் முன்பு 45 நாளாக இருந்தது. 2016 திருத்தத்தில் 30 ஆகிவிட்டது. பழைய கணக்கை நம்பி 40-ஆவது நாள் வக்கீலைத் தேடி ஓடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாள் தவறினால் எல்லாம் முடிந்துவிடாது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க டிஆர்ஏடி-க்கு அதிகாரம் உண்டு. சர்ஃபேசி மேல்முறையீட்டுக்கும் அந்த அதிகாரம் பொருந்தும் என்று பாலேஷ்வர் தயாள் ஜெய்ஸ்வால் வழக்கில் 2015-இல் தீர்ப்பானது. ஆனால் காரணத்துக்கு ஆவணம் வேண்டும். மருத்துவமனையில் இருந்தேன் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, நகல் தாமதமாக வந்தது என்றால் விண்ணப்பித்த தேதியும் பெற்ற தேதியும். "பேங்க்கோட பேசிக்கிட்டு இருந்தோம்" என்பதை நம்பி நாளை ஓட்டாதீர்கள். உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. மீட்பு அதிகாரியின் உத்தரவை எதிர்த்தால் அது டிஆர்ஏடி-க்கு அல்ல, 1993 சட்டத்தின் 30-ஆம் பிரிவில் டிஆர்டி-க்கே போகும். அங்கேயும் 30 நாள்தான். அதில் ஒரு நாள் தவறினாலும் மன்னிக்க வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது.

4. பாதிப் பணம் கட்டினாத்தான் அப்பீலையே எடுப்பாங்களாமே, நிஜமா?

நிஜம். சர்ஃபேசி 18-ஆம் பிரிவில் வங்கி கேட்கும் தொகை, டிஆர்டி நிர்ணயித்த தொகை இரண்டில் எது குறைவோ அதில் 50 சதவீதம். ஓ.ஏ மேல்முறையீட்டில், 21-ஆம் பிரிவுப்படி, டிஆர்டி நிர்ணயித்த கடனில் 50 சதவீதம். எழுத்தில் காரணம் பதிந்து இதை 25 சதவீதம் வரை டிஆர்ஏடி குறைக்கலாம். அதற்குக் கீழே இறங்கவே முடியாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 13(2) நோட்டீஸில் 4 கோடி, எஸ்.ஏ தள்ளுபடி. எஸ்.ஏ-யில் டிஆர்டி பெரும்பாலும் கடன் தொகையை நிர்ணயிப்பதில்லை, நடவடிக்கை சரியா தவறா என்றுதான் பார்க்கும். ஆகவே நோட்டீஸ் தொகையே அடிப்படை: பாதி 2 கோடி, குறைத்தால் 1 கோடி. அதே கடனுக்கு ஓ.ஏ-யில் டிஆர்டி 3.60 கோடி என்று முடிவு செய்திருந்தால் 1.80 கோடி, குறைத்தால் 90 லட்சம். அசலை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. வட்டியும் சேர்ந்ததுதான் "கடன்" என்று சித்தா நீல்கந்த் பேப்பர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

டிஆர்டி-யில் எஸ்.ஏ போட இப்படிப்பட்ட டெபாசிட் கிடையாது. முன்பு 75 சதவீதம் கேட்டது சட்டம். மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் அது செல்லாது என்றானது. முதல் கட்டத்தில் டெபாசிட் இல்லை, இரண்டாம் கட்டத்தில் கோடிகள் என்ற இந்த அமைப்பினால்தான், டிஆர்டி-யில் அலட்சியமாக வழக்கு நடத்துவது இவ்வளவு விலை கேட்கிறது.

5. கம்பெனியே மூடிக் கிடக்கு. 25 சதவீதம்கூட இல்ல. முழுசா தள்ளுபடி வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரே?

வாங்கித் தர முடியாது. நாராயண் சந்திர கோஷ் எதிர் யூகோ பேங்க் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: டெபாசிட் கட்டாயம், முழு விலக்குக்கு இடமில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போய் விலக்கு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் கோடக் மஹிந்திரா எதிர் அம்புஜ் காஸ்லிவால் தீர்ப்போடு 2021-இல் முடிந்தது. டிஆர்ஏடி-யால் முடியாததை உயர் நீதிமன்றமும் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். முழு விலக்கு என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடியது குறைப்பு மனு. அதில் வறுமையை மட்டும் சொல்லி அழுதால் போதாது. கடைசி மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், எல்லா வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வழக்குக்குப் பிறகு கட்டிய தொகைகளின் பட்டியல், அடமானச் சொத்தின் மதிப்பீட்டு அறிக்கை இவையெல்லாம் பிரமாணப் பத்திரத்தோடு போக வேண்டும். கூடவே டிஆர்டி உத்தரவில் முகப்பிலேயே தெரியும் பிழை எது என்று இரண்டு பக்கத்துக்குள் காட்ட வேண்டும். இயக்குநர் பெயரில் வேறு சொத்து இருப்பதை மறைத்து, அதை வங்கி வக்கீல் எடுத்து வைத்தால், குறைப்பு போவதோடு உங்கள் வார்த்தைக்கு இருந்த மதிப்பும் போகும்.

நிர்ணயித்த தொகையை இரண்டு மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம், பல சமயம் கிடைக்கிறது. கடைசித் தவணை தவறினால் மேல்முறையீடு தள்ளுபடி ஆகும். முதல் தவணைக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று இறங்குவதைவிட, முதலிலேயே நீண்ட தவணை கேட்பது நல்லது.

6. எங்க குடோனை வித்து 1.20 கோடி பேங்க் எடுத்துக்கிச்சு. அதை டெபாசிட்டாக் கழிச்சுக்க மாட்டாங்களா?

அந்த ஏலத்தையே நீங்கள் எதிர்க்கிறீர்கள் என்றால் கழிக்க மாட்டார்கள். மேலே 4-இல் சொன்ன சித்தா நீல்கந்த் தீர்ப்பின் இன்னொரு பகுதி இதுதான். ஏலம் செல்லாது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, ஏலம் எடுத்தவர் கட்டிய பணத்தை என் கணக்கில் வை என்று மறுபக்கம் கேட்க முடியாது.

7. கட்டுற டெபாசிட் பேங்க்குக்குப் போயிடுமா? அப்பீல்ல தோத்தா அம்பேலா?

டெபாசிட் வங்கிக்குப் போவதில்லை. டிஆர்ஏடி பதிவாளர் பெயரில் டிமாண்ட் டிராஃப்டாகக் கட்டுவீர்கள். அதை வட்டி வரும் நிரந்தர வைப்பில் போட்டு வைப்பார்கள். ஆக்சிஸ் பேங்க் எதிர் எஸ்பிஎஸ் ஆர்கானிக்ஸ் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதில் கடன்தாரருக்குச் சாதகமாகப் பேசியது: அந்தத் தொகை அடமானச் சொத்தும் அல்ல, வங்கிக்கு அதன்மேல் பிடிமானமும் இல்லை. மேல்முறையீடு முடிந்தாலோ திரும்பப் பெற்றாலோ, வேறு உத்தரவில் ஜப்தி ஆகியிருந்தாலன்றி, கட்டியவருக்கே திரும்பும்.

அந்த "ஜப்தி" என்ற சொல்லைக் கவனியுங்கள். கையில் மீட்புச் சான்றிதழ் இருக்கும் வங்கி, டெபாசிட் திரும்பும் முன்பே அதை ஜப்தி செய்யக் கேட்கலாம். அதனால் மேல்முறையீடு முடியும் நாளிலேயே திரும்பக் கேட்கும் மனுவும் தயாராக இருக்கட்டும். நண்பரோ உறவினரோ பணம் கொடுத்து உதவியிருந்தால், அது யாருடைய பணம் என்பதை டெபாசிட் கட்டும்போதே மெமோவில் பதிந்துவிடுங்கள்.

8. நான் கியாரண்டர்தான், கடன் வாங்கினது மச்சானோட கம்பெனி. நானும் கட்டணுமா? கடையில வாடகைக்கு இருக்கவங்க?

ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். சர்ஃபேசி சட்டத்தில் "கடன்தாரர்" என்ற சொல்லுக்குள்ளேயே ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும், தன் சொத்தை அடமானம் வைத்தவரும் அடக்கம். "நான் ஒரு பைசா வாங்கவில்லை" என்பது உண்மையாக இருந்தாலும் இந்த இடத்தில் உதவாது. கம்பெனியும் ஜாமீன்தாரரும் சேர்ந்து ஒரே மேல்முறையீடு போட்டு ஒரே டெபாசிட்டில் நிற்பதுதான் வழக்கம். ஆளுக்கொரு வக்கீல் வைத்துத் தனித்தனியாகப் போட்டால் டெபாசிட் கேள்வி ஒவ்வொன்றிலும் எழும்.

வாடகைதாரர், ஏலம் எடுத்தவர், சொத்தில் பங்கு கேட்கும் அண்ணன் தம்பி ஆகியோர் கடன்தாரர் அல்லர். டெபாசிட் விதி கடன்தாரரை மட்டுமே குறிப்பிடுகிறது. வங்கி மேல்முறையீடு செய்தால் வங்கிக்கும் டெபாசிட் இல்லை.

9. அப்பீல் ஃபைல் பண்ணிட்டா ஏலம் தானா நின்னுடும்தானே?

நிற்காது. இந்த ஒரு தவறான எண்ணத்தால் கைவிட்டுப் போன சொத்துகள் ஏராளம். மேல்முறையீட்டோடு தனியாக ஸ்டே மனு போட வேண்டும், அது எடுக்கப்பட டெபாசிட் பிரச்சினை முதலில் தீர வேண்டும். ஏல நாள் நெருங்கியிருந்தால் அவசர விசாரணைக்கு எழுத்தில் கேட்டு, குறைந்தது முதல் தவணை டிடி-யைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது நல்லது. வங்கி சர்ஃபேசி 18சி பிரிவில் கேவியட் ("எங்களுக்குச் சொல்லாமல் உத்தரவு போடாதீர்கள்" என்ற முன்மனு) போட்டிருந்தால் அதற்கு அறிவிப்புத் தராமல் ஸ்டே கிடைக்காது. கேவியட்டின் ஆயுள் 90 நாள். பதிவாளர் அலுவலகத்தில் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான கெடு 13(8) பிரிவில் இருக்கிறது. முழுக் கடனையும் செலவையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்குத்தான். முன்பு சொத்து கைமாறும் வரை மீட்கலாம் என்று இருந்தது. 2016 திருத்தம் அதை மாற்றியது, செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பு 2023-இல் அதை உறுதிப்படுத்தியது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பைனான்ஸ் கிடைத்து "மொத்தமா கட்டிடறேன்" என்று போனாலும், ஏல அறிவிப்பு வந்துவிட்டால் உரிமையாகக் கேட்க முடியாது.

ஏலத்தைத் தாக்குவதானால் விதிகளை வரி வரியாகப் பாருங்கள். முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு, அது தோற்று மறு ஏலமானால் 15 நாள். எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும், மிச்சம் 75 சதவீதத்தை 15 நாளில். எழுத்தில் நீட்டித்தாலும் மொத்தம் மூன்று மாதம்தான். அறிவிப்பு உங்களுக்கு வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரைத் தேதி சில வழக்குகளில் தீர்ப்பையே மாற்றும்.

10. என்னென்ன பேப்பர் வேணும், ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

ஓ.ஏ மேல்முறையீட்டுக்குக் கட்டணம் மூன்று படி: கடன் 10 லட்சத்துக்குக் கீழ் 12,000 ரூபாய், 10 முதல் 30 லட்சத்துக்குள் 20,000, அதற்கு மேல் 30,000. சர்ஃபேசி மேல்முறையீட்டுக்கு எஸ்.ஏ போட்டபோது கட்டிய அதே அளவு: 10 லட்சம் மற்றும் அதற்கு மேற்பட்ட கடன் என்றால் 5,000 ரூபாயோடு, 10 லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250, உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். வக்கீல் கட்டணம் தனி.

காகிதங்களில் முதலாவது சான்றிட்ட உத்தரவு நகல். பிறகு மேல்முறையீட்டு மனு, வக்காலத்து, கம்பெனி என்றால் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானம், டிஆர்டி-யில் இரு தரப்பும் தாக்கல் செய்த மனுக்களும் ஆவணங்களும் பக்க எண் போட்ட தொகுப்பாக. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் தமிழில் இருக்கும். அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். இந்த மொழிபெயர்ப்புக்கே ஒரு வாரம் போய்விடுவதைக் கணக்கில் வையுங்கள். தாக்கல் இப்போது மின்னணு முறையில்தான். ஸ்கேன் மங்கலாக இருந்தாலோ, பக்க எண் பொருந்தாவிட்டாலோ குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். திருத்தித் தருவதற்குள் ஏல நாள் வந்துவிடும்.

11. டிஆர்டி-ல சொல்ல மறந்த பாயிண்டை இங்க சொல்லலாமா?

ஏற்கெனவே கோப்பில் இருக்கும் ஆவணங்களை வைத்துச் சொல்லக்கூடிய சட்டக் கேள்வி என்றால் சொல்லலாம். புதிதாகச் சாட்சியம் தேவைப்படும் விஷயம் என்றால் மிகக் கடினம். "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

மூன்று விஷயங்கள் அடிக்கடி இப்படித் தாமதமாக வருகின்றன. ஒன்று, 13(2) நோட்டீஸுக்கு ஆட்சேபம் அனுப்பியும் வங்கி 15 நாளில் பதில் தராதது. ஆட்சேபம் அனுப்பியதற்கான அஞ்சல் ஒப்புகை டிஆர்டி கோப்பில் இருந்தால்தான் இது எடுபடும். இரண்டு, கணக்கு. அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருப்பார்கள். தவணை தவறினால் போடுவது அபராதக் கட்டணமாக இருக்கலாம், வட்டியாகச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று சுற்றறிக்கை விட்டு, 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மாதவாரியாகப் போட்டுத் தரும் கணக்கை டிஆர்டி-யிலேயே தாக்கல் செய்திருக்க வேண்டும். "வட்டி ரொம்ப அதிகம்" என்று வாயால் சொல்வது வாதமாகாது.

மூன்று, சிறு குறு தொழில் என்ற தகுதி. 2015 மே 29 அறிவிக்கையின்படி நலிந்த சிறு தொழில்களைச் சீரமைக்க வங்கி முயல வேண்டும். வங்கியை இது கட்டுப்படுத்தும் என்று ப்ரோ நிட்ஸ் எதிர் கனரா வங்கி வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், கணக்கு வாராக்கடனாகும் முன்பே நீங்கள் உத்யம் பதிவை (சிறு குறு தொழிலுக்கான அரசுப் பதிவு) காட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகு சான்றிதழை நீட்டுவதில் பயனில்லை.

12. நிலம் பட்டாவில நஞ்சைன்னுதான் இருக்கு. விவசாய நிலத்தை சர்ஃபேசியில எடுக்க முடியாதாமே?

முடியாதுதான், 31-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பட்டாவில் நஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. கடன் வாங்கிய காலத்தில் அங்கே உண்மையாக விவசாயம் நடந்ததா என்று பார்ப்பார்கள். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்று கே. ஸ்ரீதர் வழக்கில் 2023-இல் முடிவானது. அடங்கலில் பயிர் விவரம் இருக்கிறதா, இலவச விவசாய மின் இணைப்பு இருந்ததா என்பவை கைகொடுக்கும். லே-அவுட் போட்டுக் கல் நட்ட நிலத்துக்கு இந்த வாதம் நிற்காது.

13. டிஆர்டி எஸ்.ஏ-வை வருஷக்கணக்கா இழுக்குது. தீர்ப்பே வரலையே, அப்பீல் எப்படிப் போறது?

60 நாளில் முடிக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம் என்று 17(5) சொல்கிறது. நான்கு மாதம் தாண்டினால், விரைந்து முடிக்க உத்தரவிடுமாறு 17(6)-இல் டிஆர்ஏடி-யிடம் கேட்கலாம். இது மேல்முறையீடு அல்ல, டெபாசிட்டும் வேண்டியதில்லை. பயனுள்ள பிரிவு, ஆனால் கேட்பவர்கள் குறைவு.

14. ஓடிஎஸ் கேட்டு லெட்டர் கொடுத்திருக்கோம். அதைக் காட்டி ஸ்டே வாங்கலாமா?

ஓடிஎஸ், அதாவது ஒரே தடவைத் தீர்வு, உங்கள் உரிமை அல்ல என்று பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது. கடிதம் நிலுவையில் இருப்பது ஸ்டேக்குக் காரணமாகாது. வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டு, நீங்கள் முன்பணமும் கட்டியிருந்தால் கதை வேறு.

டிஆர்டி-யிலேயே சமரசமாகி இரு தரப்பும் சம்மதித்து உத்தரவு வாங்கினால், பிறகு அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. 1993 சட்டத்தின் 20(2) அதைத் தடுக்கிறது. தவணைத் தேதிகளை நிறைவேற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

15. எங்களை "ஃப்ராட்"னு போட்டுட்டாங்க. இதையும் டிஆர்ஏடி-ல கேக்கலாமா?

அது வேறு பாதை. மோசடிக் கணக்கு, வேண்டுமென்றே கட்டாதவர் என்ற முத்திரைகளை டிஆர்டி-யோ டிஆர்ஏடி-யோ நீக்காது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட்தான். எஸ்பிஐ எதிர் ராஜேஷ் அகர்வால் வழக்கில் 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், தடயவியல் தணிக்கை அறிக்கையைத் தந்து பதில் கேட்காமல் ஒரு கணக்கை மோசடி என்று அறிவிக்கக் கூடாது என்றது. உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா, அறிக்கை வந்ததா, பதில் தர அவகாசம் இருந்ததா என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

16. டிஆர்ஏடி-லயும் தோத்துட்டா?

சட்டம் இன்னொரு மேல்முறையீடு தரவில்லை. அரசியலமைப்பின் 226, 227 பிரிவுகளில் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே முழு வழக்கும் மறுபடி விசாரிக்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிகார வரம்பு மீறலோ, விசாரணையில் வாய்ப்பு மறுப்போ, கோப்பில் உள்ளதையே பார்க்காத உத்தரவோ இருந்தால் தலையிடுவார்கள். "வேறு முடிவுக்கும் வந்திருக்கலாம்" என்பது போதாது. அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, 90 நாள்.

17. பேங்க் இப்ப என்சிஎல்டி-க்கும் போயிருக்கு. ஒரே கடனுக்கு ரெண்டு இடமா? அங்க அப்பீலுக்கும் பாதிப் பணமா?

போகலாம். என்சிஎல்டி என்பது கம்பெனிகளின் திவால் மனுக்களை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். டிஆர்டி தந்த மீட்புச் சான்றிதழை வைத்தே வங்கி திவால் மனு போடலாம், அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு என்று சென்னையிலிருந்து போன கோடக் மஹிந்திரா எதிர் ஏ. பாலகிருஷ்ணன் வழக்கில் 2022-இல் தீர்ப்பானது. குறைந்தபட்ச நிலுவை ஒரு கோடி ரூபாய். என்சிஎல்டி மனுவை ஏற்றுக்கொண்டால் தடைக்காலம் தொடங்கி, கம்பெனி சொத்தின்மேல் சர்ஃபேசி நடவடிக்கை நின்றுவிடும். ஜாமீன்தாரரின் சொந்தச் சொத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மேல்முறையீடு அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடி-யின் சென்னை அமர்வுக்குப் போகும். டெபாசிட் இல்லை. ஆனால் நாள் கணக்கு இரக்கமற்றது: 30 நாள், காரணம் காட்டினால் மேலும் 15 நாள், 46-ஆவது நாள் கதவு மூடிவிடும். இங்கே 3-இல் சொன்ன கணக்கு செல்லாது. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, உத்தரவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கெடு ஓடுகிறது என்று வி. நாகராஜன் எதிர் எஸ்கேஎஸ் இஸ்பாட் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணையத்தில் ஏறட்டும் என்று காத்திருந்து தோற்ற வழக்கு அது. இன்னொன்று, திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகு பழைய போர்டு கம்பெனி பெயரில் மேல்முறையீடு போட முடியாது. இயக்குநர் தன் சொந்தப் பெயரில் போட வேண்டும்.

18. தப்பு பேங்க் மேலதான். எல்சி-யை (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) தாமதமாக்கி எங்க ஆர்டரே போச்சு. நஷ்டத்தை எங்க கேக்கறது?

வங்கி போட்ட ஓ.ஏ-யிலேயே எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம். இல்லையென்றால் தனியாக உரிமையியல் வழக்குத் தொடரலாம். கடன்தாரரின் தனி வழக்கை 1993 சட்டம் தடுக்கவில்லை என்று பேங்க் ஆஃப் ராஜஸ்தான் எதிர் விசிகே ஷேர்ஸ் வழக்கில் 2022-இல் முடிவானது. ஆனால் அந்த வழக்கைக் காட்டி டிஆர்டி விசாரணையை நிறுத்தி வைக்க முடியாது, இரண்டும் தனித்தனியே ஓடும். வணிக நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் தோற்றால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

சுவாதீனம் எடுத்ததே சட்டவிரோதம் என்று டிஆர்டி-யோ டிஆர்ஏடி-யோ முடிவு செய்து சொத்தைத் திருப்பித் தரச் சொன்னால், சர்ஃபேசி 19-ஆம் பிரிவில் இழப்பீடும் செலவும் கேட்கலாம். பூட்டியிருந்த நாட்களில் நின்ற உற்பத்தி, கெட்டுப்போன சரக்கு, ரத்தான ஆர்டர் ஆகியவற்றை அன்றன்றே புகைப்படம், ஸ்டாக் பதிவேடு, வாங்குபவரின் மின்னஞ்சல் என்று சேர்த்து வைத்திருந்தால்தான் தொகை நிற்கும். பூட்டும்போது வங்கி அதிகாரி எழுதும் பொருள் பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டது என்று அங்கேயே சரிபார்த்து, விடுபட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.